தானிய லாரிக்கு எது நியாயமான வாடகை?

ஒரு டன் நெல்லையோ கோதுமையையோ சோயாவையோ களத்திலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து ஆலைக்கும் துறைமுகத்துக்கும் லாரியில் கொண்டுசேர்க்க எவ்வளவு வாடகை கொடுத்தால் நியாயம்? விவசாயி, லாரிக்காரர், தானிய வணிகர், கொள்முதல் செய்யும் அரசு என நான்கு தரப்பும் இதற்கு நான்கு விடைகள் வைத்திருக்கின்றன. ரயில் காலத்திலேயே எழுந்த இந்தக் கேள்விக்கு நாடாளுமன்றங்களும் நீதிமன்றங்களும் பொருளியலாளர்களும் லாரிச் சங்கங்களும் ஒன்றரை நூற்றாண்டாக விடை தேடி வருகின்றனர். தேடல் இன்னும் முடியவில்லை.

மற்றச் சரக்குகளைவிடத் தானியத்தில் இந்தச் சிக்கல் கூர்மையாவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, தானியம் எடை மிகுந்தது, எடைக்கு விலை குறைந்தது. ஒரு லாரி நெல்லின் மதிப்பில் வாடகை பிடிக்கும் பங்கு, அதே லாரியில் போகும் துணிக்கோ மருந்துக்கோ உள்ள பங்கைவிடப் பெரியது. இரண்டாவது, அது அறுவடையை ஒட்டிய சில வாரங்களில் குவிகிறது. அந்த வாரங்களில் லாரி கிடைக்காது. மற்ற மாதங்களில் லாரிக்கு லோடு கிடைக்காது. மூன்றாவது, அது ஒரே திசையில் போகிறது. விளையும் ஊரிலிருந்து புறப்படும் வண்டி திரும்பும்போது பெரும்பாலும் காலியாக வருகிறது. கீழே பார்க்கப்போகும் ஒவ்வொரு விடையும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்குச் சொல்லப்பட்டதே. மூன்றுக்கும் சேர்த்து ஒரே விடை கிடைத்ததாகத் தெரியவில்லை.

ரயில் காலத்தில் பிறந்த கேள்வி

1870களில் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் விவசாயிகள் கிரேஞ்ச் என்ற அமைப்பாகத் திரண்டார்கள். ரயில் நிறுவனங்களும் தானியக் கிடங்குகளும் கேட்ட கட்டணத்தைக் கொடுப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இல்லினாய் மாநிலம் 1871இல் தானியக் கிடங்குக் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தது. அதை எதிர்த்துத் தொடரப்பட்ட மன் எதிர் இல்லினாய் வழக்கில், பொதுமக்கள் நலனோடு பிணைந்த தொழிலின் கட்டணத்தை அரசு கட்டுப்படுத்தலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1877இல் தீர்ப்பளித்தது. 1887இல் மாநிலங்களுக்கிடையேயான வர்த்தகச் சட்டம் வந்தது. கட்டணம் நீதியானதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று அது சொன்னது. எது நியாயம் என்பதை அளக்கும் கோலை மட்டும் அது தரவில்லை.

அந்தக் கோலுக்காக இரண்டு மரபுகள் மோதின. பொருளின் விலைக்கும் அதன் தாங்குதிறனுக்கும் ஏற்பக் கட்டணம் வாங்க வேண்டும் என்றது ஒன்று. சுமக்க ஆகும் செலவை வைத்தே வாங்க வேண்டும் என்றது மற்றொன்று. முதல் மரபின்படி விலையுயர்ந்த சரக்கு அதிகம் கொடுக்கும். மலிவான தானியம் குறைவாகக் கொடுக்கும். ரயிலின் நிலைச் செலவை எல்லாச் சரக்கும் தத்தம் வசதிக்கேற்பப் பகிர்ந்துகொள்வதாக இது விளக்கப்பட்டது. அமெரிக்க நாடாளுமன்றம் 1925இல் நிறைவேற்றிய ஹாக்–ஸ்மித் தீர்மானம், துன்பத்தில் இருந்த வேளாண்மைக்கு இயன்ற அளவு குறைந்த கட்டணம் வேண்டும் என்று கேட்டது. தாங்குதிறன் வாதத்தின் அரசியல் வடிவம் அது.

கனடா இதை எல்லைவரை கொண்டுசென்றது. 1897இல் கையெழுத்தான குரோஸ் நெஸ்ட் கணவாய் ஒப்பந்தப்படி, அரசு மானியத்துக்கு ஈடாகக் கனடியன் பசிபிக் ரயில்வே தானியக் கட்டணத்தை 100 பவுண்டுக்கு 3 சென்ட் குறைத்தது. 1925இல் அந்தக் கட்டணம் சட்டமாகவே ஆயிற்று. புல்வெளி மாகாணங்களின் விவசாயிகள் அதை உரிமைச் சாசனமாகப் போற்றினார்கள். ஆனால் விலைவாசி ஏறிக்கொண்டே போக, கட்டணம் நின்ற இடத்தில் நின்றது. 1970களில் அந்தக் கட்டணம் செலவின் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டியது. கிளைப் பாதைகளிலும் தானிய வேகன்களிலும் முதலீடு செய்ய ரயில் நிறுவனங்கள் தயங்கின. அரசே வேகன் வாங்கிக் கொடுக்க நேர்ந்தது. 1983இல் இந்த ஏற்பாடு மாற்றப்பட்டு, 1995இல் முற்றிலும் முடிவுக்கு வந்தது. அதன்பின் கிளைப் பாதைகளும் ஊர்க் கிடங்குகளும் பெருமளவில் மூடப்பட, விவசாயி தானியத்தைப் பெரிய கிடங்குவரை லாரியில் ஓட்டிச் செல்லும் தூரம் நீண்டது.

தாங்குதிறன் வாதத்தின் பலவீனம் இரண்டு இடங்களில் வெளிப்பட்டது. விலையுயர்ந்த சரக்கிடம் அதிகம் வாங்கி மலிவான சரக்கைச் சுமக்கும் ஏற்பாடு, போட்டியாளர் இல்லாதவரைதான் நிற்கும். லாரி வந்ததும் அது விலையுயர்ந்த சரக்கைக் கவர்ந்துகொண்டது. இரண்டாவது பலவீனம் கனடாவில் தெரிந்தது. விவசாயிக்கு உதவுவதற்காக மிகக் கீழே நிறுத்தப்பட்ட கட்டணம், காலப்போக்கில் அவர் தானியத்தைச் சுமக்க வேண்டிய வண்டியையே இல்லாமல் செய்துவிடக்கூடும்.

சந்தை தீர்மானிக்கட்டும் என்ற நிலைப்பாடு

1935இல் அமெரிக்கா லாரித் தொழிலையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. யார் எந்தத் தடத்தில் எந்தச் சரக்கை ஏற்றலாம், என்ன வாடகை வாங்கலாம் என்பதற்கெல்லாம் அரசு ஆணையத்தின் அனுமதி வேண்டியிருந்தது. ஆனால் பதப்படுத்தாத வேளாண் விளைபொருளுக்கு அந்தச் சட்டம் விலக்கு அளித்தது. இதனால் ஒரே நாட்டில், ஒரே சாலையில், கட்டுப்படுத்தப்பட்ட வாடகையும் பேரம் பேசித் தீர்மானிக்கப்பட்ட வாடகையும் அருகருகே ஓடின. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வாளர்களுக்கு அரிய வாய்ப்பு கிடைத்தது. பதப்படுத்திய கோழியிறைச்சியும் விலக்குக்குள் வரும் என்று 1950களில் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தபின் அதன் வாடகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக அமெரிக்க வேளாண் துறை ஆய்வு கண்டது. கட்டுப்பாட்டை நீக்கக் கேட்டவர்கள் அடுத்த 20 ஆண்டுகளும் இதைச் சான்றாகக் காட்டினார்கள்.

விலக்குப் பெற்ற லாரிகளின் போட்டி ரயிலையும் மாற்றியது. அமெரிக்காவின் சதர்ன் ரயில்வே 1961இல் 100 டன் அளவில் தானியம் கொள்ளும் பெரிய அலுமினிய வேகன்களைக் கொண்டுவந்து, கட்டணத்தை 60 சதவீதம் அளவுக்குக் குறைக்க முன்வந்தது. மற்றப் போட்டியாளர்களைக் காப்பதாகக் கூறிக் கட்டுப்பாட்டு ஆணையம் அதைத் தடுத்தது. வழக்குகளுக்குப் பிறகு 1965இல்தான் அனுமதி கிடைத்தது. செலவைக் குறைக்கும் புதுமையை நியாயத்தின் பெயராலேயே தடுக்க முடியும் என்பதற்கு இந்த வழக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. 1980இல் அமெரிக்கா லாரி, ரயில் இரண்டின் கட்டுப்பாட்டையும் பெருமளவு தளர்த்தியது.

சந்தை வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அறுவடைக் காலத்தில் வாடகை ஏறினால்தான் வேறு ஊர் லாரிகள் தானியச் சீமைக்குத் திரும்பும். இந்தியாவில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 67ஆம் பிரிவு, சரக்கு வண்டிகளுக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச வாடகை பற்றி உத்தரவிட மாநில அரசுகளுக்கு அதிகாரம் தருகிறது. பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் பயன்படும் இந்த அதிகாரம் லாரி வாடகையில் அரிதாகவே எடுக்கப்படுகிறது. வாடகை புக்கிங் ஆபீசிலும் புரோக்கரின் தொலைபேசியிலும்தான் முடிவாகிறது.

சந்தை வாதத்தின் பலவீனம் பேரம் பேசுபவர்களின் பலத்தில் இருக்கிறது. இந்திய லாரிகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு முதல் நாலைந்து வண்டி வைத்திருப்பவர்களுடையவை. மாதம் தவறாமல் டியூ கட்ட வேண்டியவர் வண்டியை நிறுத்திவைத்து நல்ல வாடகைக்குக் காத்திருக்க முடியாது. டீசலும் டோலும் ஓட்டுநர் படியும் போக ஏதாவது மிஞ்சினால் போதும் என்று லோடு எடுப்பார். டயர் தேய்மானமும் வண்டியின் ஆயுளும் அந்தக் கணக்கில் வராது. ஆகவே வாடகை நீண்ட காலத்துக்கு முழுச் செலவுக்குக் கீழேயே நிற்கக்கூடும். அந்த இடைவெளியைக் கூடுதல் பாரம், தூக்கமில்லாத ஓட்டம், ஓட்டுநர் படியில் வெட்டு ஆகியவை நிரப்புகின்றன. வாடகை கூடினால் லாரி வரும் என்பதும், வாடகை குறைந்தால் லாரி விலகும் என்பதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. கடனில் வாங்கிய வண்டி எளிதில் தொழிலைவிட்டுப் போகாது.

சட்டம் விதிக்கும் தரை வாடகை

இந்தப் பலவீனத்துக்கு நேரடியான மறுமொழி, செலவைக் கணக்கிட்டு அதற்குக் கீழே வாடகை போகக் கூடாது என்று சட்டம் போடுவது. தானியத்தைப் பொறுத்தவரை இதன் மிகப்பெரிய சோதனை பிரேசிலில் நடக்கிறது. அந்நாட்டின் சோயா உற்பத்தியில் முதலிடத்தில் இருக்கும் மாட்டோ க்ரோஸோ மாநிலத்திலிருந்து சான்டோஸ் துறைமுகம் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். சுமையில் பெரும்பங்கு லாரியின் மேல். 2017இலிருந்து டீசல் விலை அடிக்கடி மாற்றப்பட்டு ஏறிக்கொண்டே போனபோது, பேசி முடித்த வாடகை வழியிலேயே நட்டமாகியது. 2018 மே 21 அன்று லாரிக்காரர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எரிபொருளும் உணவும் தட்டுப்பட, அரசு அதே மாதம் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆகஸ்டில் அது 13.703ஆம் எண் சட்டமாகியது.

அந்தச் சட்டப்படி, தேசியத் தரைவழிப் போக்குவரத்து முகமை சரக்கின் வகை, வண்டியின் அச்சு எண்ணிக்கை, தூரம் ஆகியவற்றை வைத்துத் தரை வாடகையை வெளியிடுகிறது. தானியம் போல உதிரியாக ஏற்றும் திடச் சரக்கு தனி வகை. ஆண்டுக்கு இருமுறை திருத்தம். டீசல் விலை குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் மாறினால் இடையிலேயே திருத்தம். முதலில் 10 சதவீதமாக இருந்த அந்த எல்லை 2022இல் 5 ஆக்கப்பட்டது. தரைக்குக் கீழே கொடுத்தவர், குறைந்த தொகையின் இருமடங்கை லாரிக்காரருக்கு ஈடாகத் தர வேண்டும்.

வேளாண் அமைப்புகளும் தொழில் அமைப்புகளும் இதை எதிர்த்து பிரேசிலின் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. அவர்களுடைய வாதங்கள் மூன்று. வண்டியின் வயது, சாலையின் தரம், திரும்பும் லோடு ஆகியவை தடத்துக்குத் தடம் மாறும்போது ஒரே சூத்திரம் எல்லா இடத்திலும் செலவைக் காட்டாது. தரை வாடகை அதிகமானால் பெரிய தானிய நிறுவனங்கள் சொந்த லாரி வாங்கத் தொடங்கும். காக்கப்பட வேண்டிய சிறு உரிமையாளரே வேலை இழப்பார். லாரி எண்ணிக்கை மிகையாக இருக்கும்போது தரை வாடகைக்கு லோடு கிடைக்காத வண்டிகள், கணக்கில் காட்டாமல் தரைக்குக் கீழே ஓடும். ஆதரவாளர்களின் பதில், தரை என்பது லாபத்தை உறுதிசெய்யும் விலை அல்ல, நட்டத்துக்கு ஓடுவதைத் தடுக்கும் எல்லை மட்டுமே என்பது.

தரை வாடகைக்கு இன்னொரு வேரும் உண்டு. அது சாலைப் பாதுகாப்பு. குறைந்த வாடகை நீண்ட ஓட்டத்தையும் களைப்பையும் வேகத்தையும் உண்டாக்குகிறது, ஆகவே வாடகை ஒரு பாதுகாப்புப் பிரச்சினை என்று அமெரிக்கப் பொருளியலாளர் மைக்கேல் பெல்சர் போன்றோர் வாதிட்டு வந்துள்ளனர். ஆஸ்திரேலியா 2012இல் இதற்கெனத் தீர்ப்பாயம் அமைத்தது. சொந்த வண்டி ஓட்டுநர்களுக்கு அது விதித்த குறைந்தபட்ச வாடகையால் லோடு இழப்போம் என்று அவர்களில் பலரே எதிர்க்க, 2016இல் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டது. 2024இல் வேறு வடிவில் அந்த அதிகாரம் தொழிலாளர் ஆணையத்துக்குக் கொடுக்கப்பட்டது. தென்கொரியா 2020இல் கன்டெய்னருக்கும் சிமெண்டுக்கும் மட்டும் பாதுகாப்பு வாடகை விதித்தது. தானியத்துக்கும் தீவனத்துக்கும் அதை விரிக்க வேண்டும் என்பது 2022 வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் ஒன்று. அது ஏற்கப்படாமலேயே அந்த ஆண்டின் இறுதியில் சட்டம் காலாவதியானது. இந்த நாடுகளில் தரை வாடகை வந்ததும் போனதும் கணக்கின் வலிமையைவிட அரசியல் சூழலைச் சார்ந்தே இருந்ததாகத் தோன்றுகிறது.

சங்கமும் வரிசையும்

அரசு தலையிடாத இடத்தில் லாரிக்காரர்களே சேர்ந்து வாடகையைத் தீர்மானிப்பது மூன்றாவது வழி. பஞ்சாபில் ஊர்தோறும் இருந்த லாரி யூனியன்கள் மண்டியின் கோதுமையையும் நெல்லையும் வரிசை முறையில் உறுப்பினர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தன. ஒரு லாரி வைத்திருப்பவருக்கும் தன் முறை வரும்போது லோடு உண்டு; புரோக்கர் கமிஷன் இல்லை; வாடகையை யூனியன் பேசும். சிறு உரிமையாளர் நிலைக்க இதைவிட எளிய ஏற்பாடு கண்டுபிடிப்பது கடினம்.

இதன் மறுபக்கமும் பதிவாகியுள்ளது. வெளியூர் வண்டி உள்ளே வர முடியாது. வணிகரும் ஆலைக்காரரும் தமக்குப் பிடித்த லாரியை அழைக்க முடியாது. வாடகை அண்டை மாநிலங்களைவிட உயர்ந்திருப்பதாகத் தொழில்துறை நெடுங்காலம் குறைகூறியது. யூனியன் தலைமை ஆளுங்கட்சியின் கைக்கு மாறுவதும் வழக்கமாயிற்று. 2017இல் பஞ்சாப் அரசு லாரிக் கூட்டணிகளைத் தடுக்கும் விதிகளைக் கொண்டுவந்து யூனியன்களின் ஏகபோகத்தை முடித்துவைத்தது. அதன்பிறகு லோடு ஒப்பந்ததாரர்களின் கைக்குப் போய்விட்டது, தங்கள் பங்கு குறைந்துவிட்டது என்பது சிறு உரிமையாளர்களின் முறையீடு.

இமாசலப் பிரதேசத்தில் 2022 டிசம்பரில் எழுந்த சிமெண்ட் லாரி வாடகைத் தகராறு, தானியம் இல்லையென்றாலும் இங்கே படிப்பினை தருகிறது. பர்மானாவிலும் டார்லாகாட்டிலும் இருந்த இரண்டு ஆலைகள், வாடகை அதிகம் என்று கூறி இரண்டு மாதங்களுக்கு மேல் மூடப்பட்டன. மாநில அரசின் நடுவுநிலையில் 2023 பிப்ரவரியில் உடன்பாடு வந்தது. சிறிய லாரிகளுக்கு டன்–கிலோமீட்டருக்கு 10 ரூபாய் 30 காசு, பல அச்சு வண்டிகளுக்கு 9 ரூபாய் 30 காசு. ஆலையை மூடிக் காத்திருக்க ஒரு தரப்பால் முடிந்தது. வண்டியை நிறுத்திய மற்றத் தரப்புக்கு டியூ ஓடிக்கொண்டிருந்தது. கூட்டாகப் பேசுவதால் பலம் கூடுகிறது, ஆனால் சமமாகிவிடுவதில்லை. திறந்தவெளியில் கிடக்கும் நெல்லும் கோதுமையும் இரண்டு மாதம் காத்திருக்க முடியாத சரக்குகள் என்பதால், தானியத்தில் இத்தகைய மோதலின் சேதம் விவசாயியின் தலையில் விழும்.

டெண்டர் என்னும் நடுவழி

இந்தியாவில் நெல்லும் கோதுமையும் பெருமளவில் அரசுக் கொள்முதலாக நகர்வதால், நடைமுறையில் மிகப் பரவலான விடை டெண்டர். இந்திய உணவுக் கழகமும் மாநிலக் கழகங்களும் போக்குவரத்து ஒப்பந்தங்களை டெண்டர் விட்டு முடிவுசெய்கின்றன. அட்டவணை விலைக்கு மேல் எத்தனை சதவீதம் என்றோ, டன்னுக்கும் கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்றோ விலை கேட்கப்படுகிறது. குறைவாகக் கேட்டவருக்கு ஒப்பந்தம். பொதுப்பணம் வீணாகவில்லை என்று தணிக்கைக்குக் காட்டவும் இது வசதி.

டெண்டரில் நியாயம் இரண்டு அடுக்குகளில் சோதிக்கப்பட வேண்டும். மேல் அடுக்கில் அரசும் ஒப்பந்ததாரரும் இருக்கிறார்கள். கீழ் அடுக்கில் ஒப்பந்ததாரரும், அவர் வாடகைக்கு எடுக்கும் லாரியின் உரிமையாளரும் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் எழுதப்படும் விலை மேல் அடுக்கினுடையது. கீழ் அடுக்கில் கைமாறும் வாடகை பெரும்பாலும் எந்த ஆவணத்திலும் நிற்பதில்லை. மேலே கணிசமான விலை கொடுத்தும் கீழே லாரிக்காரர் நட்டத்தில் ஓடலாம். மேலே விலை மிகக் குறைவாகக் கேட்கப்பட்டிருந்தால், கீழே போதிய லாரி வரவே வராமல் போகலாம்.

தமிழ்நாட்டின் காவிரி டெல்டா இதற்கு நேரடிச் சான்று. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டைகளாக நெல் வாங்கப்பட்டு, கிடங்குகளுக்கும் அரவை ஆலைகளுக்கும் நகர்த்தப்படுகிறது. கொள்முதல் நிலையத்துக்கு அப்பால் ஆகும் லாரி வாடகையை விவசாயி கொடுப்பதில்லை. அது கொள்முதல் செலவில் சேர்ந்து உணவு மானியக் கணக்குக்குப் போகிறது. எனவே வாடகை விவசாயியின் பிரச்சினை இல்லை என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்து வருகின்றன. மூட்டைகள் நகராவிட்டால் நிலையத்தில் இடம் அடைபடுகிறது, புதிய நெல் வாங்கப்படுவதில்லை, களத்திலும் சாலையோரத்திலும் கொட்டிவைத்த நெல் மழையில் நனைந்து 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டுகிறது. நெல் தேங்குவதற்கு வாடகை மட்டும் காரணமல்ல. சாக்கும் கிடங்கிடமும் சுமைதூக்கும் ஆட்களும் போதாமல் போவதும் உண்டு. ஆனாலும் லாரி வராததால் ஏற்படும் இழப்பு எந்த டெண்டர் ஒப்பீட்டிலும் எழுதப்படுவதில்லை என்பது உண்மை. குறைந்த விலை என்று பதிவாகும் வாடகையின் ஒரு பகுதியை, பெயர் குறிப்பிடப்படாத ஒரு விவசாயி கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும்.

டன்–கிலோமீட்டர் கணக்கு மறைப்பவை

மேலே கண்ட நான்கு நிலைப்பாடுகளும் யார் வாடகையைத் தீர்மானிப்பது என்பதில் வேறுபடுகின்றன. எதைக் கொண்டு அளப்பது என்பதில் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன: டன்னுக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு. இந்த அளவைக்குள் அடங்காத நான்கு செலவுகள் உண்டு. தகராறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே கிளம்புகின்றன.

முதலாவது காத்திருப்பு. எடுத்துக்காட்டாக, ஒரு லாரியின் டியூ, இன்சூரன்ஸ், வரி, ஓட்டுநர் சம்பளம் எல்லாம் சேர்ந்து மாதம் 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஓடினாலும் நின்றாலும் இந்தச் செலவு உண்டு. எடைமேடையிலும் கிடங்கு வாசலிலும் தாமதமின்றி மாதம் 18 நடை ஓடினால் ஒரு நடைக்கு விழுவது 5,000 ரூபாய். இறக்க ஆளில்லாமல் நின்று நின்று 9 நடைதான் ஓட முடிந்தால் 10,000 ரூபாய். தூரம் மாறவில்லை, டன் மாறவில்லை, நடைக்கு விழும் நிலைச் செலவு மட்டும் இருமடங்கு. இந்தத் தாமதம் லாரிக்காரரின் கையில் இல்லை. ஏற்றுபவர், இறக்குபவர் கையில் இருக்கிறது. பிரேசில் இதைத் தனியாகப் பிரித்தது. வண்டி சேருமிடம் வந்து 5 மணி நேரத்துக்குமேல் காத்திருந்தால் டன்னுக்கும் மணிக்கும் கணக்கிட்டுத் தொகை தர வேண்டும் என்பது தரை வாடகைச் சட்டத்துக்கு முன்பே அங்கே இருந்த விதி. இந்திய லாரித் தொழிலிலும் ஹால்டிங் வாடகை என்ற வழக்கம் உண்டு. அதை வாங்குவது பெரும்பாலும் பேச்சுத் திறமையையும் பழக்கத்தையும் பொறுத்தது.

இரண்டாவது காலி ஓட்டம். போகும் லோடும் திரும்பும் பயணமும் ஒரே செலவில் பிறக்கும் இரட்டைப் பொருட்கள். அந்தச் செலவை இரண்டுக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதற்கு ஒரே சரியான விடை இல்லை. ரயில் கட்டணம் கூட்டுச் செலவின் விளைவா, ஏகபோகத்தின் விளைவா என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொருளியலாளர் டாசிக்கும் ஆங்கிலேயப் பொருளியலாளர் பிகுவும் நடத்திய புகழ்பெற்ற விவாதத்தின் மையத்தில் இருந்ததும் இந்தச் சிக்கலே. தானியம் தரும் ஊருக்கு உரமோ சிமெண்டோ வரும் தடத்தில், காலித் திரும்பலுக்கும் சேர்த்து முழு வாடகை கேட்பது மிகை. அப்படி எதுவும் வராத தடத்தில் ஒருவழிக் கணக்கை மட்டும் கொடுப்பது குறை. ஒரே அட்டவணை இரண்டு தடத்துக்கும் பொருந்தாது.

மூன்றாவது டீசலும் சாலைச் சுங்கமும். இந்தியாவில் 2014இல் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2017 ஜூனிலிருந்து விலை நாள்தோறும் மாறத்தக்கதாயிற்று. ஒப்பந்தம் ஆண்டுக்கணக்கில், டீசல் நாட்கணக்கில் என்றால் அந்த ஆபத்தை யாரோ சுமக்க வேண்டும். விதி எழுதப்படாதபோது அது கீழ் அடுக்கில் இருப்பவர்மேல் விழுகிறது. சுங்கத்தைப் பொறுத்தவரை, சரக்கு அனுப்புபவரே அதை முன்கூட்டித் தனியாகக் கொடுக்க வேண்டும், வாடகையில் அடக்கக் கூடாது என்று பிரேசில் 2001இலேயே சட்டம் செய்தது.

நான்காவது பாரம். டன்னுக்கு வாடகை பேசும் முறை, அதிக டன் ஏற்றினால் அதிக வருமானம் என்ற ஆசையைத் தருகிறது. சட்டப்பூர்வப் பார வரம்பு உயர்ந்தாலும் வாடகை பாதிக்கப்படும். 2018 ஜூலையில் இந்திய அரசு வரம்பை உயர்த்தியபோது மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னானது. ஒரே நாளில் நாட்டின் சுமக்கும் திறன் காகிதத்தில் கூடிவிட்டது, லோடு கூடவில்லை. வாடகை தளர்ந்ததற்கு இதையும் ஒரு காரணமாக லாரித் தொழிலினர் சொன்னார்கள்.

எஞ்சும் கேள்விகள்

இந்த நீண்ட வரலாற்றிலிருந்து சில முடிவுகளை ஓரளவு உறுதியாகவே சொல்லலாம். விவசாயிக்கு உதவ வாடகையைச் செலவுக்குக் கீழே அழுத்திவைப்பது, கனடா காட்டியபடி, நாளடைவில் விவசாயியையே தாக்குகிறது. விவசாயிக்குத் தர வேண்டிய உதவியை விளைபொருள் விலையிலோ மானியத்திலோ தருவது நேர்மையானது. லாரிக்காரரின் பையிலிருந்து எடுத்துத் தருவது அப்படியல்ல. போட்டி உள்ள இடங்களில் சந்தை செலவைக் குறைத்திருக்கிறது. கடனில் ஓடும் சிறு வண்டிக்காரரை அது தானாகக் காப்பாற்றியதில்லை. கூட்டுப் பேரம் சிறியவருக்கு இடம் தருகிறது. வாசலை மூடும்போது அதுவே இன்னொரு ஏகபோகமாகிறது.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. தரை வாடகை நீண்ட காலத்தில் சிறு உரிமையாளரின் வருமானத்தைக் கூட்டுகிறதா, அல்லது பெரிய நிறுவனங்களைச் சொந்த லாரிக்குத் தள்ளி அவரது இடத்தைக் குறைக்கிறதா? பிரேசிலின் அனுபவத்தை இரு தரப்பும் தம் பக்கச் சான்றாகவே எடுத்துக்காட்டுகின்றன. அறுவடை வாரங்களில் வாடகை எவ்வளவு ஏறுவதை நியாயம் எனலாம், எங்கிருந்து அது விவசாயியின் அவசரத்தைப் பயன்படுத்திக்கொள்வதாகிறது? வாடகை உயர்வின் சுமை கடைசியில் யார்மேல் விழுகிறது? சோயாபோல உலகச் சந்தை விலை தீர்மானிக்கும் பொருளில் அது பெரும்பாலும் விவசாயியின் விலையைக் குறைக்கும். நெல்போலக் கொள்முதல் விலை நிலையான இடத்தில் அரசின் செலவைக் கூட்டும். ஆகவே ஒரு நாட்டில் சரியான விடை இன்னொரு நாட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் சில தேவைகள் பொதுவாக நிற்கின்றன. நியாயமான வாடகை என்பது ஒற்றை எண்ணாக இருக்க முடியாது. ஓட்டத்துக்கு ஒரு தொகை, காத்திருப்புக்கு ஒரு தொகை, தடத்தின் காலித் திரும்பலைப் பார்த்து ஒரு திருத்தம், டீசல் மாற்றத்துக்கு ஒரு விதி, சுங்கம் தனி என்று அது பிரித்து எழுதப்பட வேண்டும். அப்போது தாமதத்தை உண்டாக்குபவரே அதன் விலையைக் கொடுப்பார், தாமதமும் குறையும். ஒப்பந்ததாரர் லாரிக்காரருக்குக் கொடுக்கும் வாடகையும் ஆவணமாக வேண்டும். அது தெரியாதவரை எந்த ஆணையமும் நியாயத்தை அளக்க முடியாது.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாட்டின் மிகப்பெரிய தானியச் சரக்கு அரசுடையது. ஒப்பந்த நிபந்தனைகளை எழுதும் பேனாவும் அரசின் கையில் இருக்கிறது. காத்திருப்பு வாடகை, டீசல் விதி, கீழ் அடுக்கு வாடகைப் பதிவு ஆகிய மூன்றும் அடுத்த கொள்முதல் பருவத்தின் டெண்டர்களில், இதுவரை இல்லாத இடங்களில் எல்லாம், இடம்பெற வேண்டும். கொள்முதல் கழகங்களும் லாரி உரிமையாளர் சங்கங்களும் விவசாயச் சங்கங்களும் மழை தொடங்குமுன் ஒரே மேசையில் அமர்ந்து இதைப் பேசி முடிப்பது மூன்று தரப்புக்குமே நன்மை.